பேயா? கிரகமா? மூளையா?
(போளூர் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், மனவியாதியும் அதற்குக் கொடுக்கப்படும் மருந்துகள் மூளையில் என்ன செய்கின்றன என்பதுமாகும். "பகுத்தறிவுக் கூட்டத்தில் வைத்தியப் பேச்சு எதற்கு?" என்று சிலர் கேட்கக்கூடும். நாம் வைத்தியரல்ல; காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவருமல்ல. புஸ்தகங்களைத் தேடிப் படித்தும், தெரிந்தவர்களைக் கேட்டும் அறிந்துகொண்டதையே சொல்ல வந்திருக்கின்றோம். என்றாலும், மூடநம்பிக்கை இன்றைக்கும் மனிதனை அடித்து, கட்டி, பட்டினி போட்டு வதைக்கின்ற இடம் எது என்று பார்த்தால், அது மனவியாதியே ஆகும். ஆதலால் இதைப் பேசாமல் வேறு எதைப் பேசுவது?

தோழர்களே! நம்முடைய ஜனங்களுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகின்றார்கள். கை முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குப் போகின்றார்கள். கண் மங்கினால் கண்ணாடி போட்டுக்கொள்ளுகின்றார்கள். ஆனால் ஒருவன் மாதக்கணக்கில் தூங்காமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், "செத்துப்போனால் தேவலை" என்று மூலையில் உட்கார்ந்துவிட்டால் மாத்திரம் ஆஸ்பத்திரி நினைவுக்கு வருவதில்லை. பூசாரி நினைவுக்கு வருகின்றான். ஜோசியன் நினைவுக்கு வருகின்றான். தாயத்துக் கட்டுகிறவன் நினைவுக்கு வருகின்றான். ஏன் இப்படி? கழுத்துக்குக் கீழே இருப்பதெல்லாம் சரீரம், கழுத்துக்கு மேலே இருப்பது மாத்திரம் ஆவியின் ஆஸ்தி என்று யார் பங்கு பிரித்துக் கொடுத்தார்கள்?

இதற்கு மூன்று காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று பேய், இரண்டு கிரகம், மூன்று பூர்வஜன்ம கர்மம்.

பேயை முதலில் எடுத்துக்கொள்வோம். பேய் பிடித்ததென்று சொல்லப்படுகிறவர்களில் மிகுதிப்பேர் பெண்களாய் இருப்பானேன்? அதிலும் மாமியார் வீட்டில் வாய் திறக்க முடியாத இளம்பெண்களாய் இருப்பானேன்? பேய்க்கு ஆண்களிடம் பயமா? வாயைத் திறந்து "எனக்கு இது கஷ்டம்" என்று சொல்ல வழியில்லாத பெண்ணை, வேப்பிலையால் அடித்து, மிளகாய்ப் புகை போட்டு, தலைமுடியைப் பிடித்து ஆட்டி, "யார் நீ? சொல்!" என்றால் அவள் எதைத்தான் சொல்லமாட்டாள்? வலி தாங்காமல் "போகிறேன்" என்று சொன்னால் பேய் போய்விட்டதாக அர்த்தமா?

அடுத்தது கிரகம். ஏழரைச் சனி பிடித்தால் புத்தி கெடும் என்கின்றார்கள். தோழர்களே! நம்முடைய ஜவ்வாது மலையிலேயே காவலூரில் வானாராய்ச்சி நிலையம் இருக்கின்றது. 1977-ம் வருஷத்தில் யுரேனஸ் கிரகத்துக்கு வளையங்கள் உண்டென்று கண்டறிந்தவர்களில் அந்த மலையிலிருந்து பார்த்தவர்களும் சேர்ந்தவர்கள். அங்கே 1986-ம் வருஷம் முதல் 2.3 மீட்டர் அகலக் கண்ணாடி கொண்ட பெரிய தூரதரிசனக் கருவி வேலை செய்துவருகின்றது. சனியோ வளையம் சுற்றிய வாயுப் பந்து. நமக்கு மிக அருகில் வரும்போதுகூட நூறு கோடி கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கின்றது. அது போளூரில் ஒரு வீட்டைத் தேடிப் பிடித்து, அந்த வீட்டிலும் ஒருவனை மாத்திரம் பொறுக்கி அவன் தூக்கத்தைக் கெடுக்கின்றதென்றால், நம்புகிறவன் கொஞ்சம் யோசிக்க வேண்டாமா?

கர்மத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. துன்பப்படுகிறவனைப் பார்த்து "நீ செய்த பாவம்" என்று சொல்லுவது வைத்தியமல்ல, தண்டனை. ஏற்கெனவே "எல்லாம் என் குற்றம்" என்று நினைத்து அழுவதே மனச்சோர்வு வியாதியின் ஒரு குறியாக இருக்க, அவனுக்கு இந்தப் பேச்சு எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதேயாகும்.

சரி, மனசு சரீரத்தில் சேர்ந்ததுதான் என்பதற்கு என்ன ருசு? பெரிய ஆராய்ச்சி வேண்டாம். ஒருவன் சாராயம் குடிக்கின்றான். அழாதவன் அழுகின்றான், பேசாதவன் பேசுகின்றான், கோழை வீரனாகின்றான். காலையில் தெளிந்தவுடன் பழைய மனிதனாகின்றான். சாராயம் போனது வயிற்றுக்குள், அங்கிருந்து ரத்தத்துக்குள், அங்கிருந்து மூளைக்குள். ஒரு திரவம் மனசை மாற்றுகின்றதென்றால் மனசு சரீரத்தின் வேலை என்றுதானே அர்த்தம்? ஆப்பரேஷன் செய்யும்போது மயக்க மருந்து கொடுத்தால் "ஆன்மா" எங்கே போய் உட்கார்ந்துகொள்ளுகின்றது?

இப்படி யோசிக்காததன் பலன் என்னவென்பதை நாடு ஒருநாள் கண்ணால் பார்த்தது. ராமநாதபுரம் ஜில்லாவில் ஏர்வாடி தர்காவைச் சுற்றி மனவியாதிக்காரர்களை வைத்துக்கொள்ளும் விடுதிகள் பல நடந்துவந்தன. 2001-ம் வருஷம் ஆகஸ்ட் 6-ந் தேதி விடியற்காலையில் அவற்றில் ஒன்றின் ஓலைக்கொட்டகையில் தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தார்கள். தீ வருவது தெரிந்தும் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்டது யார்? பெற்றவர்களும் கூடப்பிறந்தவர்களுமே. அன்பில்லாமல் அல்ல, வேறு வழி உண்டென்று யாரும் சொல்லாததால். அங்கே போனவர்களில் முஸ்லிம்கள் மாத்திரமல்ல, இந்துக்களும் கிறிஸ்தவர்களும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் எல்லா மதத்துக்கும் ஒற்றுமை இருக்கின்றது.

இனி வேறு வழி என்ன என்பதற்கு வருவோம்.

மனிதன் மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் இருக்கின்றன. ஒன்றோடொன்று பேசிக்கொள்ளுவதே அவைகளின் வேலை. ஆனால் பெரும்பாலும் ஒன்றையொன்று தொடுவதில்லை. நடுவில் ஒரு சந்து இருக்கின்றது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்கு போட்டால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறக்குறைய அவ்வளவே அந்தச் சந்து. ஒரு நரம்பணு செய்தி சொல்ல வேண்டுமானால் அந்தச் சந்துக்குள் ஒரு ரசாயனத்தை விடுகின்றது. அது அக்கரையில் உள்ள நரம்பணுவின்மேல் பட்டதும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். பிறகு, விட்ட ரசாயனத்தில் பெரும்பகுதியை விட்ட நரம்பணுவே திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மடை திறந்து கழனிக்குத் தண்ணீர் பாய்ச்சியவன், மிச்சத் தண்ணீரைக் குழாய் வைத்துத் திரும்ப இழுத்துக்கொள்ளுவது போல. செரோடோனின், நார் அட்ரினலின், டோப்பமின் என்பவை இப்படிப்பட்ட ரசாயனங்களில் சில.

இது எப்படித் தெரிந்தது என்பதில் நம் நாட்டு வேர் ஒன்றுக்கும் பங்கு உண்டு. சர்ப்பகந்தி என்ற செடியின் வேரைப் பைத்தியத்துக்கு மருந்தாக வடக்கே நெடுங்காலமாகக் கொடுத்துவந்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற இருவர், அது ரத்தக் கொதிப்பையும் மனக் கொந்தளிப்பையும் தணிப்பதாக எழுதினார்கள். 1952-ல் சுவிட்ஸர்லாந்தில் அந்த வேரிலிருந்து ரெசர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். அதைக் கொடுத்தால் மூளையில் செரோடோனின் சேமிப்புக் குறைகின்றதென்று 1955-ல் அமெரிக்காவில் கண்டார்கள். அந்த மருந்தைச் சாப்பிட்ட சிலருக்கு மனச்சோர்வு வந்ததாகவும் வைத்தியர்கள் எழுதினார்கள். "அப்படியானால் இந்த ரசாயனங்களுக்கும் மனநிலைக்கும் சம்பந்தம் இருக்கவேண்டும்" என்ற யோசனை அதிலிருந்து வலுத்தது.

உடனே நம்மவர்கள் சிலர், "பார்த்தீர்களா, எல்லாம் நம் முன்னோர்களுக்கு அப்போதே தெரியும்" என்று மார்தட்டுவார்கள். வேர் தெரியும், ஒப்புக்கொள்ளுகின்றோம். வேரில் எந்தச் சத்து, எவ்வளவு கொடுக்கலாம், மூளையில் எங்கே வேலை செய்கின்றது, எது நன்மை, எது தீமை என்பது தெரிந்ததா? அது பரிசோதனை செய்த பிறகல்லவா தெரிந்தது?

சோர்வு நீக்கும் மருந்துகள் வந்த கதையும் அப்படியே. 1952-ல் நியூயார்க்கில் க்ஷயரோகத்துக்கு இப்ரோனியாசிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோயாளிகள் உற்சாகமடைந்ததைக் கண்டார்கள். மேற்சொன்ன ரசாயனங்களை அழிக்கும் ஒரு பொருளை அது தடுக்கின்றது. பிறகு அது ஈரலைக் கெடுக்கின்றதென்று கண்டு கைவிட்டார்கள். சுவிட்ஸர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர் இமிப்ரமின் என்ற மருந்து சோர்வை நீக்குகின்றதென்று 1957-ல் வெளியிட்டார். அது ரசாயனத்தைத் திரும்ப உறிஞ்சும் குழாயை அடைக்கின்றது. 1987-ல் அமெரிக்க சர்க்கார் அனுமதித்த ஃப்ளுவாக்ஸெட்டினும் அதன் வகையைச் சேர்ந்தவைகளும், முக்கியமாய் செரோடோனின் குழாயை மாத்திரம் பார்த்து அடைக்கின்றன. இன்று நம் ஆஸ்பத்திரிகளில் அதிகமாகக் கொடுக்கப்படுவது இந்த வகையே.

குழாய் அடைபடுவது சில மணி நேரத்தில். ஆனால் சோர்வு நன்றாகக் குறைய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு இன்னும் அதிகமும் பிடிக்கின்றது. ஏனெனில், ரசாயனம் கூடிநிற்பதைக் கண்டு நரம்பணுக்கள் தங்களைத் தாங்களே மெள்ள மாற்றி அமைத்துக்கொள்ளவேண்டியிருக்கின்றது. அதற்குள் குமட்டல், தலைவலி, தூக்கக்கேடு முதலிய தொந்தரவுகள் முதலிலேயே வந்துவிடும். நம்மவர் என்ன செய்கின்றார்? பத்து நாள் பார்த்துவிட்டு, "மாத்திரை பிரயோஜனமில்லை" என்று எறிந்துவிட்டுப் பூசாரியிடம் போகின்றார்.

இங்கே ஒரு விஷயத்தை நாணயமாகச் சொல்ல வேண்டும். "மூளையில் செரோடோனின் குறைவு, அதுதான் மனச்சோர்வு" என்று வெகுகாலம் சொல்லப்பட்டு வந்தது. அது அவ்வளவு சுலபமான கணக்கல்லவென்று ஆராய்ச்சிக்காரர்களே இப்போது சொல்லுகின்றார்கள். குறைவுதான் காரணம் என்பது ருசுவாகவில்லை. பூசாரி சொன்னால் நம்பாதே, டாக்டர் சொன்னால் மாத்திரம் கண்ணை மூடிக்கொண்டு நம்பு என்று சொல்லுவது பகுத்தறிவாகாது. தலைவலித் தைலத்தால் தலைவலி போவதால், தைலக் குறைவால்தான் தலைவலி வந்தது என்று யாராவது சொல்லுவார்களா?

"அப்படியானால் மருந்து வேலை செய்கின்றதென்பதை எப்படி நம்புவது?" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்வி இதுதான். ஒரே மாதிரி வியாதிக்காரர்களை இரண்டு கூட்டமாகச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது. ஒரு கூட்டத்துக்கு மருந்து, மற்றொன்றுக்கு அதே நிறத்தில் அதே அளவில் சத்தில்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது சாப்பிடுகிறவருக்கும் தெரியாது, பார்க்கிற வைத்தியருக்கும் தெரியாது. கடைசியில் எண்ணிப் பார்ப்பது. இப்படி 21 மருந்துகளைப் பற்றி நடந்த 522 பரிசோதனைகளை, 1,16,477 பேர் கணக்கை, 2018-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து வெளியிட்டார்கள். 21 மருந்துகளும் வெற்று மாத்திரையைவிட மேல் என்று கண்டது. ஆனால் மலையளவு வித்தியாசமல்ல. பொதுவாகச் சொன்னால், மருந்து சாப்பிட்ட நூறு பேரில் ஏறக்குறைய ஐம்பது பேருக்கு நல்ல குணம் தெரிகின்றது. வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் முப்பத்தைந்து முதல் நாற்பது பேருக்குத் தெரிகின்றது.

தோழர்களே! இந்த முப்பத்தைந்து, நாற்பது என்ற கணக்கைக் கவனியுங்கள். பூசாரியின் பிழைப்பு முழுவதும் இதில்தான் அடங்கியிருக்கின்றது. ஒன்றுமே கொடுக்காவிட்டாலும், "நமக்கு வைத்தியம் நடக்கின்றது" என்ற தைரியத்தாலும், நாலு பேர் கவனித்து விசாரிப்பதாலும், வியாதி தானாகவே தணிவதாலும் நூற்றுக்கு இத்தனை பேருக்குச் சில வாரங்களில் குணம் தெரிகின்றது. அதிலும் ஏறி இறங்கும் வியாதியானால் கேட்கவே வேண்டாம். இறங்கியிருக்கும்போது கயிறு கட்டினால் அது தானாக ஏறும்போது கயிற்றுக்குப் பேர் வந்துவிடும். குணமானவன் பொங்கல் வைத்து, ஊரெல்லாம் சொல்லுகின்றான். குணமாகாதவன் என்ன ஆனான் என்று எண்ணியவர் யார்? எந்தக் கோயிலிலாவது, தர்காவிலாவது, ஜெபக்கூட்டத்திலாவது வந்தவர் இத்தனை, குணமானவர் இத்தனை, ஆகாதவர் இத்தனை என்று கணக்கு எழுதி வெளியிட்டதுண்டா? டாக்டருக்கும் பூசாரிக்கும் உள்ள பேதம் வெள்ளைக் கோட்டில் இல்லை; இந்தக் கணக்கில்தான் இருக்கின்றது.

இனி, மனநிலையை நிலைநிறுத்தும் மருந்துகளைப் பார்ப்போம். சிலருக்குச் சோர்வு மாத்திரமல்ல, அதற்கு நேர்விரோதமும் வரும். தூக்கமே வேண்டாம், ஓயாத பேச்சு, நிலத்தை விற்று ஊருக்கெல்லாம் விருந்து, "நானே கடவுள்" என்ற எண்ணம். நம் நாட்டில் இப்படிப்பட்டவனுக்கு அதிர்ஷ்டமிருந்தால் சாமியாராகவும் ஆகிவிடலாம். இவ்வியாதிக்கு மிக முக்கியமான மருந்து லித்தியம். எந்தச் சாமான் டெலிபோன் பாட்டரியில் இருக்கின்றதோ, அதன் உப்புத்தான். 1949-ல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற வைத்தியர், கினிப்பன்றிகளுக்கு லித்தியம் உப்பை ஏற்றியபோது அவை சாந்தமானதைக் கண்டு, தாமே சாப்பிட்டுப் பார்த்து, பிறகு வியாதிக்காரர்களுக்குக் கொடுத்தார். கொந்தளிப்பு அடங்கியது. அது நரம்பணுவின் உள்ளே புகுந்து, செய்தியைப் பெருக்கிக் காட்டும் சில பொருள்களின் வேலையை மட்டுப்படுத்துகின்றதென்று தெரிகின்றது. தற்கொலையைக் குறைப்பதாகவும் பல ஆராய்ச்சிகளில் கண்டிருக்கின்றார்கள்.

ஆனால் அதே 1949-ல் அமெரிக்காவில் சமையல் உப்புக்குப் பதிலாக லித்தியம் உப்பை அளவில்லாமல் சாப்பிட்ட சிலர் மாண்டார்கள். மருந்துக்கும் விஷத்துக்கும் நடுவே இருக்கும் வரம்பு இதில் மிகவும் குறுகியது. ஆகையால்தான் ரத்தத்தைப் பரிசோதித்து அளவு பார்க்கின்றார்கள். தைராய்டையும் மூத்திரக்காயையும்கூடப் பரிசோதிக்கின்றார்கள். லித்தியம் சாப்பிடுகிறவர் உப்பில்லா விரதம் இருந்தாலும், கத்திரி வெயிலில் வேர்த்துத் தண்ணீர் குடிக்காமல் கிரிவலம் சுற்றினாலும், வயிற்றுப்போக்கு வந்தாலும், சில வலி மாத்திரைகளைச் சேர்த்துச் சாப்பிட்டாலும் ரத்தத்தில் லித்தியம் ஏறி ஆபத்தாகும். மாத்திரை கொடுக்கும் வைத்தியர் "விரதம் உண்டா?" என்று கேட்க வேண்டும், அவர் கேட்காவிட்டால் நீங்கள் சொல்ல வேண்டும். வலிப்புக்குக் கொடுக்கும் வால்ப்ரோயேட் என்ற மருந்தும் இவ்வியாதிக்கு உதவுகின்றது. ஆனால் அது கர்ப்பத்திலுள்ள குழந்தையைக் கெடுக்கக்கூடியது. ஆதலால் பிள்ளை பெறும் வயதுள்ள பெண்ணுக்கு அதைக் கொடுப்பதானால், அவளுக்கே விளங்கச் சொல்ல வேண்டும். புருஷனுக்கும் மாமியாருக்கும் சொல்லிவிட்டால் போதாது.

சபையில் சில தோழர்கள் சீட்டு எழுதிக் கொடுத்திருக்கின்றார்கள். ஒருவர், "இந்த மாத்திரைகள் ஆளை அடிமையாக்கிவிடுமா?" என்கின்றார். சாராயத்தைப் போல் மேலும் மேலும் கேட்கும் ஆசையை இவை உண்டாக்குவதில்லை. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், தூக்கக்கேடு, படபடப்பு வரும், வியாதியும் திரும்பலாம். நிறுத்துவதானால் வைத்தியரைக் கேட்டு மெள்ள மெள்ளக் குறைக்க வேண்டும். இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவர்களுக்குச் சோர்வு மருந்து ஆரம்பிக்கும் சில வாரங்களில் சாகும் எண்ணம் அதிகமாகின்றதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும். ஏறி இறங்கும் வியாதி உள்ளவருக்குச் சோர்வு மருந்தை மாத்திரம் கொடுத்தால் கொந்தளிப்பைக் கிளப்பிவிடலாம். ஆகையால் பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையை வாங்கிச் சாப்பிடக்கூடாது.

இன்னொருவர், "கடனாலும், குடிகாரப் புருஷனாலும், ஜாதி இழிவாலும் சோர்ந்துபோனவனுக்கு மாத்திரை என்ன செய்யும்?" என்று கேட்கின்றார். அருமையான கேள்வி. மாத்திரை கடனை அடைக்காது; குடிகாரனைத் திருத்தாது; ஜாதியை ஒழிக்காது. அவைகளை ஒழிப்பது நம்முடைய வேலை. ஆனால் தூக்கமும் சாப்பாடும் போய்ப் படுத்துக்கிடப்பவன் எதை எதிர்த்துப் போராடுவான்? அவன் எழுந்து நிற்க வேண்டாமா? மேலும் மாத்திரை ஒன்றே வைத்தியமல்ல. கிரமமாய்ப் பேசித் தீர்க்கும் வைத்தியமும் உண்டு. கோவாவில் டாக்டரல்லாத சாதாரண ஆட்களைப் பழக்கி, கடும் சோர்வுள்ளவர்களோடு பேசவைத்து, அதனால் குணமாகின்றதென்று பரிசோதனையில் கண்டு 2017-ல் வெளியிட்டார்கள்.

தாய்மார்களே! தோழர்களே! 2015-16ல் இந்தியாவில் நடந்த மனநலக் கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனவியாதி இருப்பதாகத் தெரிந்தது. இந்தக் கூட்டத்தைத் திரும்பிப் பாருங்கள். கணக்கு உங்களுக்கே விளங்கும். ஆனால் பெரும்பாலோர் வைத்தியமே பெறவில்லை. ஏன்? "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று ஊர் சொல்லும்; பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காது; இவ்வளவுதான். சர்க்கரை வியாதிக்காரனுக்குப் பெண் கொடுக்கின்றோம், ரத்தக் கொதிப்புக்காரனுக்குக் கொடுக்கின்றோம், மூளைக்கு மாத்திரை சாப்பிடுகிறவன் மாத்திரம் என்ன குற்றம் செய்தான்? மறைத்துக் கல்யாணம் செய்து, மருந்தையும் மறைத்து நிறுத்தி, வியாதியைத் திரும்ப வரவழைத்து, பிறகு "புது மருமகள் வந்த நேரம்" என்று அந்தப் பெண்ணின் தலையில் பழியைப் போடுவதைக் காட்டிலும் மானங்கெட்ட காரியம் வேறு உண்டா?

வழி தூரமில்லை. சர்க்காரின் ஜில்லா மனநலத் திட்டம் இருக்கின்றது. திருவண்ணாமலை சர்க்கார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கின்றது. காட்பாடி ரயில் ஏறினால் வேலூர்; பாகாயத்தில் 1957 முதல் நடந்துவரும் மனநல ஆஸ்பத்திரியில் வியாதிக்காரரோடு வீட்டாரும் கூடவே தங்கி வைத்தியம் பார்க்கலாம். ராத்திரியில் திகில் வந்தால் 14416 என்ற எண்ணுக்குக் காசில்லாமல் பேசலாம். 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம், மனவியாதிக்காரரை எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக்கூடாதென்று சொல்லுகின்றது. ஏர்வாடியிலேயே பிற்பாடு தர்காவின் பக்கத்தில் சர்க்கார் வைத்தியம் ஏற்பட்டிருக்கின்றது. ஓதுகிறவர்கள் ஓதிக்கொள்ளட்டும், மாத்திரை உள்ளே போகட்டும் என்றாவது ஆகியிருக்கின்றது.

முடிவாக ஒன்று சொல்லுகின்றோம். நாம் சொன்னோம் என்பதற்காக எதையும் நம்பாதீர்கள். டாக்டரிடம் போய், "இது என்ன மருந்து? என்ன செய்யும்? என்ன கெடுதல் வரும்? எத்தனை நாள்?" என்று கேளுங்கள். அதே கேள்விகளைப் பூசாரியிடமும் கேளுங்கள். எவர் பதில் சொல்லுகின்றார், எவர் கோபித்துக்கொள்ளுகின்றார் என்று பார்த்து, பிறகு உங்கள் வீட்டில் மூலையில் உட்கார்ந்திருக்கின்ற அந்தப் பிள்ளையை எங்கே அழைத்துப்போவதென்று நீங்களே முடிவு செய்யுங்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள்.